கொடி வீசியவர்களும் கம்பி இழுத்தவர்களும்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டு செய்திப் பிரிவுகள்

பழைய போர்களைப் பற்றிப் பேசும்போது, "அந்தக் காலத்திலேயே ராணுவத்தின் சிக்னல் பிரிவு தந்தியடித்திருக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது பலருக்கும் வழக்கம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய பேச்சில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அந்தப் போரில் வடக்கு மாநிலங்களின் தரப்பில் செய்தி அனுப்புவதற்கென இரண்டு தனித்தனி அமைப்புகள் இருந்தன. ஒன்று சிக்னல் படை: சீருடை அணிந்த அதிகாரிகளும் சிப்பாய்களும் அடங்கியது, அதன் முதன்மைக் கருவி கொடி. மற்றொன்று ராணுவத் தந்திப் பிரிவு: பெயரில்தான் ராணுவம், கருவியின் முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு வேலை பார்த்த சாதாரணக் குடிமக்கள். இவ்விரண்டும் வேறு வேறு முறையில் இயங்கின, வேறு வேறு மேலிடத்துக்குப் பதில் சொல்லின, ஒரு கட்டத்தில் வெளிப்படையாகவே மோதிக்கொண்டன. எது எப்படி வேலை செய்தது என்பது புரிந்துவிட்டால், ஏன் மோதின என்பதும் எளிதில் விளங்கும்.

## குதிரையின் வேகம்

தளபதி ஒருவருக்குப் பத்து மைல் தொலைவில் தம் படையின் ஒரு பகுதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே எதிரி பக்கவாட்டில் வந்துகொண்டிருக்கிறான் என்ற செய்தி அவருக்கு உடனே தெரிய வேண்டும். மனிதனை அனுப்பினால் அவன் குதிரையின் வேகத்தில்தான் போக முடியும். வழியில் சேறு உண்டு, ஆறு உண்டு, குறிபார்த்துச் சுடுகிறவனும் உண்டு. செய்தி வந்து சேரும்போது நிலைமையே மாறியிருக்கும்.

ஆளை அனுப்பாமல் செய்தியை மட்டும் அனுப்ப வேண்டுமானால் இரண்டு வழிகள்தான் இருந்தன. கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது செய்து காட்டலாம். அல்லது ஒரு கம்பியின் வழியே மின்சாரத்தை அனுப்பலாம். ரயில் நிலையத்தில் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்திருப்போம். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக்கொடி காட்டுவது முதல் வகை. நிலைய அதிகாரியின் அறைக்குள் அடுத்த நிலையத்திலிருந்து மணி ஒலிப்பது இரண்டாம் வகை. கொடிக்குக் கம்பி தேவையில்லை, ஆனால் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தாக வேண்டும். மணிக்குப் பார்வை தேவையில்லை, ஆனால் இரு நிலையங்களுக்கு இடையே கம்பி அறுபடாமல் இருக்க வேண்டும். சிக்னல் படைக்கும் தந்திப் பிரிவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இவ்வளவுதான்.

## ஒரு மருத்துவரும் ஒரு கொடியும்

கொடி முறையை உருவாக்கியவர் ஆல்பர்ட் மையர் என்ற ராணுவ மருத்துவர். இளமையில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; 1851இல் மருத்துவப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வுரையின் பொருள், காது கேளாதோருக்கான ஒரு புதிய சைகை மொழி. தந்தியின் தட்டல்களைப் போல ஓரிரு அசைவுகளை மட்டும் மாற்றி மாற்றிச் செய்தே எல்லா எழுத்துகளையும் உணர்த்திவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது. பிறகு டெக்சாஸ் எல்லையில் பணியாற்றியபோது அதை ராணுவத்துக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார்.

பலர் நினைப்பதுபோல இது இரு கைகளிலும் இரண்டு கொடிகளைப் பிடித்துக்கொண்டு வெவ்வேறு கோணங்களில் நிற்கும் முறை இல்லை. அது செமஃபோர் எனப்படும் வேறொரு முறை. அதில் கை நிற்கும் நிலைதான் எழுத்து. மையரின் முறையில் ஒரே கொடி. அது நிற்கும் நிலைக்குப் பொருள் கிடையாது, அசைவுக்குத்தான் பொருள். இந்த முறைக்கு வழங்கிய 'விக்வாக்' என்ற பெயரே அந்த ஆட்டத்தைக் குறிப்பது.

சிப்பாய் சுமார் 12 அடி நீளமுள்ள கழியில் நான்கடிச் சதுரக் கொடியைக் கட்டி, செய்தி பெறுபவரை நோக்கி நிற்பார். கழி செங்குத்தாக இருப்பது தொடக்க நிலை. ஒரு பக்கம் தரை வரை சாய்த்து நிமிர்த்தினால் அது ஓர் எண். மறுபக்கம் சாய்த்து நிமிர்த்தினால் இன்னோர் எண். இவ்விரு எண்களையும் சேர்த்தும் அடுக்கியும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வரிசை வகுக்கப்பட்டிருந்தது. முன்பக்கமாக ஒருமுறை தாழ்த்தினால் சொல் முடிந்தது. இருமுறை என்றால் வாக்கியம் முடிந்தது. மூன்று முறை என்றால் செய்தியே முடிந்தது. பின்புலம் இருண்ட காடாக இருந்தால் நடுவில் சிவப்புச் சதுரமுள்ள வெள்ளைக்கொடி. வானமோ பனியோ பின்னால் இருந்தால் கறுப்போ சிவப்போ. இரவில் கொடிக்குப் பதில் எண்ணெய்ப் பந்தம். ஆனால் இருட்டில் ஒரே ஒரு தீப்பந்தம் ஆடினால் அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தூரத்தில் நிற்பவருக்குப் புரியாது. அதனால் சிப்பாயின் காலடியில் அசையாமல் எரியும் இன்னொரு பந்தத்தை வைத்தார்கள். கையிலிருப்பது அதற்கு இடமா வலமா என்று பார்த்தால் போதும். இந்த முறை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

பெறும் முனையில் ஒருவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் எழுதுவார். 1859இல் நியூயார்க் துறைமுகப் பகுதியில் நடந்த சோதனையில் 15 மைல் தூரத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. வேகம் மட்டும் நிமிடத்துக்கு மூன்று சொற்கள் அளவில்தான் இருந்தது. குதிரையோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய வேகம்.

1860 ஜூன் 21 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவத்துக்கு ஒரு சிக்னல் அதிகாரிப் பதவியை உருவாக்கி, கருவிகளுக்காக 2,000 டாலரும் ஒதுக்கியது. அந்தப் பதவி மையருக்குக் கிடைத்தது. அவருக்குக் கீழே நிரந்தரமாக ஒருவர்கூட இல்லை. தேவைப்படும்போது மற்றப் படைப்பிரிவுகளிலிருந்து அதிகாரிகளை இரவல் வாங்கிப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஓர் அதிகாரியுடன் தொடங்கிய அந்த நாளைத்தான் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படை தன் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறது.

## கண்டுபிடித்தவரை முந்திய சீடர்

1859 சோதனைகளில் மையருக்கு உதவியாக இருந்தவர் எட்வர்ட் போர்ட்டர் அலெக்சாண்டர் என்ற இளம் அதிகாரி. ஜார்ஜியா மாநிலத்துக்காரர். போர் மூண்டதும் அவர் தெற்கு மாநிலங்களின் பக்கம் போய்விட்டார். கற்ற வித்தையும் கூடவே போயிற்று.

1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் புல் ரன் என்ற ஓடையின் கரையில் முதல் பெரிய சண்டை நடந்தது. அலெக்சாண்டர் மனாஸஸ் அருகே ஒரு குன்றின் மேல் தொலைநோக்கியுடன் இருந்தார். ஏறத்தாழ 8 மைலுக்கு அப்பால் வெயிலில் ஏதோ மின்னியது. பித்தளைப் பீரங்கியின் மேல் பட்ட வெளிச்சம். கூர்ந்து பார்த்தபோது வடக்குப் படை ஓடையைச் சுற்றிக் கடந்து, தெற்குப் படையின் இடப்பக்கத்தை வளைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உடனே கல்பாலத்தைக் காத்து நின்ற கர்னல் எவன்ஸுக்குக் கொடியால் செய்தி போயிற்று: இடப்பக்கத்தைக் கவனியுங்கள், உங்களைச் சுற்றி வளைக்கிறார்கள். எவன்ஸ் தம் ஆட்களைத் திருப்பி நிறுத்தினார்; அன்று மாலை வடக்குப் படை தோற்று ஓடியது.

அதே நாளில் மையர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், வாயு நிரப்பிய ஒரு வேவுப் பலூனைப் போர்க்களத்துக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தார். அவசரத்தில் வண்டியை விரட்டியதில் அது மரக்கிளைகளில் சிக்கிக் கிழிந்துபோயிற்று. தாம் உருவாக்கிய முறையைச் சண்டையில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய முதல் ஆள் எதிரியின் பக்கத்தில் இருந்தார் என்பது அவருக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். தெற்குத் தரப்பு 1862 ஏப்ரலிலேயே சட்டப்படி ஒரு சிக்னல் படையை அமைத்துவிட்டது. வடக்கில் அதற்கு 1863 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொடியின் வலிமையும் பலவீனமும் ஒன்றுதான்: அது எல்லோர் கண்ணிலும் படும். 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கில் லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றின் உச்சியில் வடக்கின் சிக்னல் நிலையம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தங்கள் நகர்வு தெரிந்துவிடும் என்று அஞ்சிய தெற்குத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படை, வந்த வழியே திரும்பி நெடுந்தூரம் சுற்றிச் சென்றது. அந்தச் சுற்றினால் வீணான நேரத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். கையில் துப்பாக்கி எடுக்காத சில ஆட்கள், உச்சியில் நின்ற காரணத்தாலேயே ஒரு பெரும்படையின் பாதையை மாற்றிவிட்டார்கள். அதே சமயம் மூடுபனி, பீரங்கிப் புகை, அடர்ந்த காடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று குறுக்கே வந்தால் கொடி வெறும் துணிதான். எதிரியும் தொலைநோக்கி வைத்திருந்தான் என்பதால், செய்தியைத் திறந்த கடிதமாகப் படித்துவிடும் ஆபத்தும் எப்போதும் இருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: சிக்னல் படை ராணுவத்துக்குள்ளேயே பிறந்தது, ஒற்றைக் கொடியின் அசைவுகளால் பேசியது, உயரமான இடமும் தெளிவான வானமும் இருந்தால் எங்கும் சில நிமிடங்களில் இயங்கத் தொடங்கிவிடும், ஆனால் மெதுவானது, எல்லோர் கண்ணிலும் படுவது.

## காலிங் பெல்லும் தந்தியும்

இனி கம்பியின் பக்கம் வருவோம். தந்தி என்ற சொல் நமக்கு இரண்டு வகையில் பழக்கம். வீணையில் மீட்டுவதும் தந்தி. 2013 ஜூலையில் இந்தியாவில் நிறுத்தப்படும் வரை, வாசலில் வந்து நின்றாலே வீட்டில் எல்லோரையும் பதறவைத்ததும் தந்தி. நாம் கையில் வாங்கியது ஒரு தாள். அதனால் அதற்குப் பின்னால் நடந்தது என்ன என்பது பலருக்கும் மங்கலாகவே தெரியும். தொலைபேசியைப் போலக் குரல் போயிற்று என்று நினைப்பவர்களும் உண்டு. குரல் போகவில்லை. போனது மின்சாரம், அதுவும் விட்டு விட்டு.

வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி அடிக்கிறது, விட்டால் நிற்கிறது. "இரண்டு முறை சுருக்கமாக அடித்தால் பால்காரர், ஒருமுறை நீளமாக அடித்தால் தபால்காரர்" என்று வீட்டுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் அதுவே ஒரு தந்தி அமைப்பு. பொத்தானையும் மணியையும் நாற்பது மைல் பிரித்து வைத்தால் 1844 மே 24 அன்று வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்ஸ் செய்து காட்டியது கிடைத்துவிடும்.

உள்ளே நடப்பது இது. மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்படியான முழு வழிக்கு மின்சுற்று என்று பெயர். வழி எங்காவது விட்டுப்போனால் மின்சாரம் ஓடாது. அனுப்புபவரின் கையில் இருக்கும் நெம்புகோல் போன்ற சாவி அந்த வழியை மூடுகிறது, திறக்கிறது. மறுமுனையில் இரும்புத் துண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள். மின்சாரம் ஓடும்போது மட்டும் அந்த இரும்பு காந்தமாகிறது. இதுவே மின்காந்தம். அது எதிரே உள்ள ஒரு சிறு இரும்புக் கரத்தை 'டக்' என்று இழுக்கும்; மின்சாரம் நின்றதும் கரம் திரும்பி எழும். அடுத்தடுத்த இரண்டு ஒலிகளுக்கு இடையே உள்ள நேரம் குறைவா அதிகமா என்பதைக் கேட்டு, அது புள்ளியா கோடா என்று தந்தியாளர் அறிந்துகொள்வார். திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி தேவையில்லை. இரு முனைகளிலும் கம்பியை மண்ணில் புதைத்துவிட்டால் பூமியே திரும்பும் வழியாகிவிடும். போர்க்களத்தில் இது எவ்வளவு பெரிய மிச்சம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாதிக் கம்பி போதும்.

தூரம் கூடக்கூட மின்சாரம் மெலியும். வயல்வெளியில் ஒருவர் கூப்பிட்டது அடுத்த வரப்பில் நிற்பவருக்கு இலேசாகக் கேட்க, அவர் தம் முழுக் குரலில் அதையே அடுத்த வரப்புக்குக் கூவுவதைப்போல, மெலிந்து வந்த மின்சாரம் ஒரு மெல்லிய மின்காந்தத்தை மட்டும் அசைத்து, அந்த அசைவு புதிய மின்கலம் இணைந்த அடுத்த சுற்றைத் திறந்து மூடும். இந்த இடைக்கருவிக்கு ரிலே என்று பெயர்.

தேர்ந்த தந்தியாளர் நிமிடத்துக்கு 25, 30 சொற்கள் வரை அனுப்புவார். கொடியைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. அந்தத் தேர்ச்சி வர நீண்ட நாள் ஆகும். கையெழுத்தைப்போல ஒவ்வொருவருக்கும் தட்டும் விதம் ஒன்று உண்டு. மறுமுனையில் இருப்பது யார் என்று தட்டலைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். ஆகவே ஒரு ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கான மைல் தந்தி தேவைப்பட்டபோது, சிப்பாய்களை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க நேரம் இல்லை. வேலை தெரிந்தவர்கள் ஏற்கெனவே ரயில் நிறுவனங்களிலும் தந்தி நிறுவனங்களிலும் இருந்தார்கள்.

## சீருடை இல்லாத ராணுவப் பிரிவு

1861 ஏப்ரலில் போர் தொடங்கியதும் போர்த்துறைச் செயலர் சைமன் கேமரன், பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் தாமஸ் ஸ்காட்டை அழைத்தார். ஸ்காட் தம்மிடம் வேலை பார்த்த 25 வயது ஆண்ட்ரூ கார்னெகியை அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் எஃகுத் தொழிலில் உலகப் பெரும் செல்வரான அதே கார்னெகிதான். வாஷிங்டனுக்குப் போகும் வழியில், தரையோடு தரையாக முளையடித்து மடக்கப்பட்டிருந்த தந்திக் கம்பிகளைக் கண்டு வண்டியை நிறுத்தி இறங்கி, அவற்றை விடுவிக்கப் போனதாகவும், விடுபட்ட கம்பி விசையோடு எழுந்து முகத்தில் அடித்துக் கன்னத்தைக் கிழித்ததாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ரயில் நிறுவனத்திலிருந்து முதலில் நான்கு தந்தியாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களில் டேவிட் ஹோமர் பேட்ஸுக்கு வயது 17. ராணுவத் தந்திப் பிரிவின் தொடக்கம் இந்த நால்வர்தான். முதல் சில மாதங்கள் அரசிடம் இதற்கென்று நிதி ஒதுக்கீடே இல்லாமல், செலவை ஒரு தனியார் தந்தி நிறுவனம் தாங்கியது.

1861 நவம்பரில் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன் ஸ்டேகர் இப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். இங்கேதான் கவனிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அரசுப் பணத்தையும் பொருள்களையும் கையாள வேண்டியிருந்ததால் ஸ்டேகருக்கும் சில மேற்பார்வையாளர்களுக்கும் ராணுவப் பதவி கொடுத்தார்கள். கருவியின் முன்னால் அமர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடைசிவரை குடிமக்களாகவே இருந்தார்கள். களத்தில் தளபதியின் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் அந்தத் தளபதிக்குக் கட்டுப்பட்டவர்கள் கிடையாது. வாஷிங்டனில் இருந்த போர்த்துறைச் செயலருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள். 1862 ஜனவரியில் அந்தப் பதவிக்கு வந்த எட்வின் ஸ்டான்டன், தந்தியின் மதிப்பை முன்பே அறிந்தவர். தந்தி அலுவலகத்தைத் தம் அறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

அதிபர் லிங்கன் வெள்ளை மாளிகையிலிருந்து நடந்தே அங்கே வருவார். மேசை இழுப்பறையில் அடுக்கியிருக்கும் செய்திகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, ஏற்கெனவே பார்த்த தாள் வந்ததும் நிறுத்திக்கொள்வார். சண்டை நடக்கும் நாள்களில் இரவு முழுவதும் அங்கேயே இருந்ததும் உண்டு. அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தின் முதல் வரைவை 1862 கோடையில் அந்த அலுவலகத்தில், அதன் தலைவர் தாமஸ் எக்கர்ட்டின் மேசையில் அமர்ந்துதான் லிங்கன் எழுதினார் என்று எக்கர்ட்டே பின்னாளில் சொன்னார்.

களத்தில் கம்பி இழுத்த விதத்தை வடக்கின் தளபதி யுலிசஸ் கிராண்ட் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். உறையிட்ட கம்பியைச் சுற்றிய உருளைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 பவுண்டு, அதாவது 90 கிலோ. ஓர் உருளைக்கு ஒரு கோவேறு கழுதையும் இரண்டு ஆட்களும். படை முகாமிட்டவுடன் கழுதையை அணிவகுப்புக்கு இணையாக நடத்திச் செல்வார்கள். அது நடக்க நடக்க முதுகிலிருந்து கம்பி அவிழ்ந்துகொண்டே போகும். பின்னால் வருபவர்கள் கம்பங்களை நட்டோ, மரங்களில் மாட்டியோ அதை உயர்த்துவார்கள். இதற்குள் மின்கலமும் கருவியும் ஏற்றிய வண்டி தலைமையகத்தின் அருகே வந்து நின்றுவிடும். கழுதை தன் சுருள் தீரும்வரை நடக்கும் நேரத்தைவிடச் சில நிமிடங்களே கூடுதலாக ஆகும். எல்லாத் தலைமையகங்களும் இணைந்துவிடும். யாரும் உத்தரவிட வேண்டியதில்லை, அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள் என்று கிராண்ட் வியக்கிறார்.

போர் முடிவதற்குள் சுமார் 15,000 மைல் கம்பி போடப்பட்டது. ஏறத்தாழ 65 லட்சம் செய்திகள் அதன் வழியே போயின. நோயாலும் குண்டாலும் சிறையாலும் பாதிக்கப்பட்ட தந்தியாளர்கள் சுமார் 300 பேர்.

ஆக, தந்திப் பிரிவு நிறுவனங்களின் உலகத்திலிருந்து ராணுவத்துக்கு வந்தது. வேகமும் தூரமும் அதன் பலம். கம்பியும் மின்கலமும் பழகிய கையும் இல்லாமல் அதனால் அசைய முடியாது. அதன் எசமானர் வாஷிங்டனில் இருந்தார்.

## மோர்ஸ் குறி ரகசியம் கிடையாது

இன்னொரு பரவலான தவறு, புள்ளியும் கோடுமாகப் போனதாலேயே செய்தி ரகசியமாக இருந்தது என்று நினைப்பது. மோர்ஸ் குறி என்பது பொது எழுத்துமுறை; பிரெயிலைப் போல, கற்றவர் எவரும் படிக்கலாம். தெற்குப் படையில் ஜான் ஹன்ட் மார்கன் என்ற குதிரைப்படைத் தலைவரிடம் ஜார்ஜ் எல்ஸ்வர்த் என்ற தந்தியாளர் இருந்தார். 1862 ஜூலையில் கென்டக்கியில், கொட்டும் மழையில், இடி மின்னலுக்கு நடுவே தண்ணீரில் நின்றபடி வடக்கின் கம்பியில் தம் கருவியை இணைத்து ஒட்டுக்கேட்டார். கேட்டதோடு நிற்காமல், வடக்குத் தந்தியாளர்களின் தட்டும் பாணியையே பின்பற்றிப் பொய்ச் செய்திகளும் அனுப்பினார். அன்று முதல் அவருக்கு 'மின்னல்' எல்ஸ்வர்த் என்று பெயர்.

எனவே ரகசியத்துக்கு மறையெழுத்து தேவைப்பட்டது. அதாவது, முறை தெரிந்தவரைத் தவிர மற்றவருக்குப் புரியாதபடி செய்தியை மாற்றி எழுதுதல். கொடிக்காரர்களுக்கு மையர் ஒன்றன்மேல் ஒன்று சுழலும் இரண்டு வட்டத்தகடுகளைக் கொடுத்தார். உள்தகட்டைத் திருப்பினால் எழுத்துக்கான எண்கள் மாறிவிடும். தந்திக்கு ஸ்டேகர் வகுத்தது அதைவிட எளிமையானது. எழுத்துகளைத் தொடாமல் சொற்களின் வரிசையை மட்டும் கலைப்பது. ஒரு கற்பனைச் செய்தியை வைத்துப் பார்க்கலாம். மேலிருந்து கீழாக ஓடும் மூன்று பத்திகள் அமையும்படி, வரிவரியாக எழுதுவோம்:

நாளை – விடியலில் – படை
ஆற்றைக் – கடக்கும் – வடகரையில்
பீரங்கி – நிறுத்து – உணவு
வண்டி – பின்னால் – வரும்

இப்போது முதல் பத்தியைக் கீழிருந்து மேலாகவும், இரண்டாவதை மேலிருந்து கீழாகவும், மூன்றாவதை மீண்டும் கீழிருந்து மேலாகவும் எடுத்து எழுத வேண்டும். கூடவே முக்கியமான சொற்களுக்கு முன்பே பேசிவைத்த வேறு சொற்களைப் போட வேண்டும். படைக்கு மாம்பழம், பீரங்கிக்குக் குடை, ஆற்றுக்குத் திங்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பியில் போவது இது: "வண்டி குடை திங்கள் நாளை விடியலில் கடக்கும் நிறுத்து பின்னால் வரும் உணவு வடகரையில் மாம்பழம்." உண்மையான செய்திகளில் எத்தனை பத்தி, எந்த வழி என்பதை ஒரு தொடக்கச் சொல் குறித்தது, குழப்புவதற்கென்றே இடையிடையே பொருளற்ற சொற்களையும் செருகினார்கள்.

இன்றைய கண்ணுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். தெற்குத் தரப்பு இதைவிடச் சிக்கலான, ஒரு திறவுத்தொடரைக் கொண்டு எழுத்துக்கெழுத்து மாற்றும் முறையைப் பயன்படுத்தியது. ஆனால் பொருளற்ற எழுத்துக்கூட்டங்களைத் தட்டும்போது ஒரு தட்டு தவறினாலும் பெறுபவருக்கு அது தெரியாது. செய்தி முழுவதும் பாழாகும். தெற்குத் தளபதிகளுக்கு வந்த சில செய்திகள் அவர்களுக்கே விளங்காமல் போனதும், அதே செய்திகளை வாஷிங்டனில் பேட்ஸ் உள்ளிட்ட இளைஞர்கள் உடைத்துப் படித்ததும் நடந்தன. ஸ்டேகரின் முறையில் போனவை எல்லாம் பழகிய சொற்கள். தந்தியாளரின் காதும் கையும் அவற்றில் எளிதில் தவறுவதில்லை. போர் முடியும்வரை தெற்குத் தரப்பு அதை உடைத்ததாகத் தெரியவில்லை. தந்தியாளர்களின் கையை அறிந்த ஒருவர் வகுத்த முறை என்பதே அதன் சிறப்பு என்பது என் கருத்து.

## முள் சுற்றிய கருவியும் ஒரு பதவிநீக்கமும்

கொடிக்காரர்களுக்கும் கம்பி வேண்டும் என்று மையர் ஆசைப்பட்டதில் தவறில்லை. காட்டிலும் பனியிலும் கொடி பயன்படாது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் மோர்ஸ் கருவிக்கு இரண்டு தடைகள்: கண்ணாடிக் குடுவைகளில் அமிலம் நிரம்பிய மின்கலங்களைக் குண்டும் குழியுமான பாதையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டும், பழகிய தந்தியாளர்கள் எல்லோரும் ஸ்டேகரிடம் இருந்தார்கள். இரண்டுக்கும் விடையாக ஜார்ஜ் பியர்ட்ஸ்லீ என்பவரின் கருவியை மையர் தேர்ந்தெடுத்தார். அதில் மின்கலம் கிடையாது. கைப்பிடியைச் சுழற்றினால் காந்தங்கள் மின்சாரத்தை உண்டாக்கும். மோர்ஸ் குறியும் தேவையில்லை. கடிகார முகப்பைப்போல எழுத்துகள் எழுதிய வட்டத்தில், இங்கே முள்ளை எந்த எழுத்தில் நிறுத்துகிறோமோ மறுமுனையிலும் அதே எழுத்தில் முள் நிற்கும். படிக்கத் தெரிந்த சிப்பாய் எவரும் இயக்கலாம்.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. களத்தில் இரு முட்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. ஒரு முள் ஓர் எழுத்து பின்தங்கினால் அதன்பின் வருவதெல்லாம் பிதற்றல். தூரமும் 5 முதல் 8 மைலுக்கு மேல் தாங்கவில்லை. 1862 டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் ஓரளவு பயன்பட்ட கருவி, 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் சண்டையின்போது தலைமையகத்துக்கு மிகவும் தேவைப்பட்ட வேளையில் தடுமாறியது. தந்திப் பிரிவினர் வந்து மோர்ஸ் கருவிகளை வைக்க நேர்ந்தது.

மையர் கருவியை மாற்ற முடிவுசெய்து, தேர்ந்த தந்தியாளர்கள் தேவை என்று ராணுவ இதழ் ஒன்றில் விளம்பரம் கொடுத்தார். ஸ்டேகரின் ஆட்களை இழுக்கும் முயற்சியாகவே அது பார்க்கப்பட்டது. 1863 நவம்பர் 10 அன்று ஸ்டான்டன் மையரைப் பொறுப்பிலிருந்து நீக்கி, மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான மெம்பிஸுக்கு அனுப்பினார். சிக்னல் படையின் களத்தந்தி வண்டிகள் தந்திப் பிரிவிடம் போயின. அதன்பின் போர் முடியும்வரை கம்பி குடிமக்களுக்கு, கொடி சிப்பாய்களுக்கு என்ற பிரிவினை உறுதியாகிவிட்டது.

## தளபதிக்கே கிடைக்காத சாவி

இந்தப் பிரிவினையின் விநோதத்தை ஒரே நிகழ்ச்சி காட்டிவிடும். 1864 தொடக்கத்தில் கிராண்ட் டென்னசியில் பயணம் செய்யவேண்டி வந்தது. அவருடைய மறையெழுத்துத் தந்தியாளர் சாமுவேல் பெக்வித் நாஷ்வில்லில் தங்கவேண்டியிருந்தது. வழியில் ரகசியச் செய்தி வந்தால் படிக்க ஆள் வேண்டுமே என்று, மறையெழுத்தின் திறவைத் தம் அதிகாரிகளில் நம்பகமானவரான காம்ஸ்டாக்கிடம் கொடுக்கும்படி கிராண்ட் உத்தரவிட்டார். பெக்வித் மறுத்தார். தளபதி உட்பட யாரிடமும் கொடுக்கக்கூடாது என்பது போர்த்துறையின் ஆணை, கொடுத்தால் தண்டனை கிடைக்கும் என்றார். கொடுக்காவிட்டால் தண்டனை நிச்சயம் என்றார் கிராண்ட். வாஷிங்டன் தொலைவில் இருந்தது, கிராண்ட் எதிரில் நின்றார், பெக்வித் இணங்கினார். செய்தி வாஷிங்டனை எட்டியதும் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தவறு தம்முடையது, தண்டிப்பதானால் தம்மைத்தான் தண்டிக்க வேண்டும் என்று கிராண்ட் எழுதிய பிறகே அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. லட்சக்கணக்கானோரைக் கொண்ட படைகளுக்கு விரைவில் தலைமை ஏற்கவிருந்தவர், தமக்கு வரும் செய்தியைப் படிக்கும் முறையைத் தம் சொந்த அதிகாரிக்குச் சொல்லிக்கொடுக்க உரிமை இல்லாதவராக இருந்தார்.

ஸ்டான்டனின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. திறவு தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறையக் குறைய ரகசியம் பாதுகாப்பாக இருக்கும். அந்த முறை உடைபடாமல் நின்றதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

## போருக்குப் பின்

போர் முடிந்ததும் தந்திப் பிரிவு கலைக்கப்பட்டது. கம்பிகள் நிறுவனங்களிடம் போயின. தந்தியாளர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்பினார்கள். மையர் 1866இல் மீண்டும் தலைமைச் சிக்னல் அதிகாரியாக நியமிக்கப்பட்டார்; இம்முறை மின்தந்தியும் சிக்னல் படையின் பொறுப்புக்குள் வந்தது. அவர் அதை எதிர்பாராத ஒரு வேலைக்குப் பயன்படுத்தினார். 1870 நவம்பர் 1 அன்று 24 நிலையங்களில் ஒரே நேரத்தில் வானிலையைக் குறித்து, தந்தியில் வாஷிங்டனுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். புயல் ஓர் ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்கு வருவதற்குள் செய்தி வந்துவிடும் அல்லவா? அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை அப்படித் தொடங்கியது. 1891 வரை சிக்னல் படைதான் அதை நடத்தியது. அந்தப் படையின் சின்னத்தில் இன்றும் குறுக்காக வைத்த இரண்டு கொடிகளும் நடுவில் ஒரு பந்தமும் இருக்கின்றன.

குடிமக்களாகப் போரில் இருந்த தந்தியாளர்களின் கதை வேறு. பட்டியலில் சிப்பாய்களாக அவர்கள் பெயர் இல்லாததால் காயமடைந்தவர்களுக்கோ இறந்தவர்களின் மனைவியருக்கோ ராணுவ ஓய்வூதியம் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் மனுக்கொடுத்தபின், 1897 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அவர்கள் ராணுவத் தந்திப் பிரிவில் பணியாற்றியதற்கான நற்சான்றிதழை வழங்க இசைந்தது. இதைக் காட்டி ஊதியமோ ஓய்வூதியமோ கோர முடியாது என்று அதே சட்டத்திலேயே எழுதியும் வைத்தது.